ஒரு சோறு பதம் ஆகுமா?

(இளம் அறிவியல் புள்ளியியல், மூன்றாம் ஆண்டு)

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் முன்னோர் வாக்கு. புள்ளியியல் மாணவர்களாகிய எங்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்புப் பாடம் தொடங்கும் நாளிலேயே இந்தப் பழமொழியைச் சொல்லிவிடுவார்கள். பானை முழுவதையும் பிசைந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் போதும். எங்கள் அம்மா நாள்தோறும் செய்கிற சோதனைதான் இது. ஒரு நாளும் தவறியதில்லை.

சோற்றுக்குச் சரி. மனிதனுக்கு? ஓர் ஆட்டக்காரனையோ ஓர் அணியையோ ஒரு மாணவனையோ பாதி வழியில் ஒரு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து, "வெந்தது", "வேகாது" என்று சொல்லிவிடலாமா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது நாம் யாரும் ஆடாத, நம்மில் பலர் பார்த்தே இராத ஓர் ஆட்டம். அதுதான் பேஸ்பால். அமெரிக்க ஆட்டத்துக்கும் நம் கல்லூரிக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

சென்ற ஆண்டு நான்காம் பருவத்தின் முதல் இன்டர்னல் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் வந்த வாரம். கணிதப் புள்ளியியலில் 50-க்கு நான் வாங்கியது 11. பக்கத்து இருக்கை நண்பன் வாங்கியது 10. தேற 20 வேண்டும். மற்ற தாள்களிலும் எங்கள் நிலை பெருமைப்படத் தக்கதாக இல்லை. முதலாம் ஆண்டிலிருந்து இருவரும் ஒரே பேருந்தில் வந்து, ஒரே நோட்டைப் பார்த்து எழுதி, ஒரே கேள்வியில் தடுக்கி விழுந்தவர்கள்.

அந்தச் சனிக்கிழமை நண்பன் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வகுப்பில் யாரும் பெரிதாக வருந்தவில்லை. "அவனுக்குப் படிப்பு வராது, அப்பவே தெரியும்" என்றான் ஒருவன். சரிதான் என்பதுபோல் நானும் தலையசைத்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், அவனைவிட ஒரு மதிப்பெண் கூடுதலாக வாங்கிய தெம்பில் அசைத்த தலை அது! ஆனால் அதே வாரம் என் சட்டைப்பையிலும் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று நான்காக மடித்துக் கிடந்தது. கொத்தனார் வேலை செய்யும் என் அப்பா, "முடியலேன்னா விட்டுடு தம்பி, மாமா கடைக்குக் கூப்பிடறாரு" என்று சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை காலை எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் பதினெட்டு பெயர்களை எழுதினார். எல்லாம் வாயில் நுழையாத பெயர்கள். 1970-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்றார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். அந்தப் பருவத்தில் ஒவ்வொருவரும் முதல் 45 முறை மட்டை பிடித்தபோது எத்தனை முறை வெற்றியாக அடித்தார்கள் என்பது அது.

ஆட்டத்தின் கணக்கை இரண்டே வரியில் சொன்னார். பந்தை எறிபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர். பேட்டர் பந்தை அடித்து, எதிரணி தன்னை ஆட்டமிழக்கச் செய்யுமுன் தளத்தை அடைந்தால் அது 'ஹிட்'. ஹிட்டுகளை மட்டை பிடித்த முறைகளால் வகுத்தால் வருவது பேட்டரின் சராசரி. பத்து முறையில் மூன்று முறை அடித்தால், அதாவது சராசரி 0.300 என்றால், அவர் நல்ல ஆட்டக்காரர். ஏழு முறை தோற்பவனை நல்லவன் என்று சொல்லும் ஆட்டம் ஒன்று உலகில் இருக்கிறது என்பதே அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பட்டியலின் உச்சியில் ராபர்ட்டோ கிளமென்டே, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி. 45-இல் 18, சராசரி 0.400. அடியில் இருவர். நியூயார்க் யாங்கீஸின் தர்மன் மன்சன் 45-இல் 8, அதாவது 0.178. மில்வாக்கி புரூயர்ஸின் மேக்ஸ் ஆல்விஸ் 45-இல் 7, அதாவது 0.156. "பருவத்தின் மீதி நாட்களில் இந்தப் பதினெட்டு பேரும் எப்படி ஆடியிருப்பார்கள்? ஆளுக்கொரு மதிப்பீடு எழுதுங்கள்" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் எழுதியது ஏறக்குறைய ஒன்றுதான். மேலே இருப்பவன் மேலேயே இருப்பான், கீழே இருப்பவன் கீழேயே கிடப்பான். ஒரு சோறு பதம்!

பேராசிரியர் சிரித்தார். இந்தப் பட்டியலைக் கொண்டு பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1977-இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் அடிப்படை 1956-இல் சார்லஸ் ஸ்டைன் கண்டறிந்த ஒரு விந்தை. மூன்றோ அதற்கு மேலோ அளவுகளை ஒருசேர மதிப்பிடும்போது, அவரவர் எண்ணை அப்படியே நம்புவதைவிட, எல்லா எண்களையும் பொதுச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை குறைகிறது. பதினெட்டு பேரின் பொதுச் சராசரி 0.265. அதிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறாரோ, அந்த விலகலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பு, மீதியை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுது என்கிறது அவர்களுடைய வாய்பாடு. அதன்படி கிளமென்டே 0.294-க்கு இறங்குகிறார். மன்சன் 0.247-க்கும் ஆல்விஸ் 0.242-க்கும் ஏறுகிறார்கள். பருவம் முடிந்து பார்த்தபோது, இந்த மதிப்பீடுகளின் மொத்தப் பிழை (வர்க்கங்களின் கூட்டுத்தொகை) அவரவர் எண்ணை அப்படியே நம்பியிருந்தால் வந்திருக்கக்கூடிய பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அன்று மாலை பேருந்தில் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மையான திறன் 0.265 உள்ள ஒருவன் 45 முறை மட்டை பிடித்தால் வரும் திட்டப்பிழை ஏறத்தாழ 0.066. இரண்டு திட்டப்பிழை தூரம் இருபுறமும் விட்டால், அவன் சராசரி 0.133-இலிருந்து 0.397 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். கரும்பலகையின் உச்சிக்கும் அடிக்கும் இருந்த இடைவெளி ஏறக்குறைய முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது! பதினெட்டு பேரும் ஒரே திறமை உள்ளவர்களாக இருந்திருந்தாலும் அந்தப் பட்டியல் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் திறமை என்று படித்ததில் பெரும்பகுதி காற்று வீசிய திசை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் பேராசிரியர் மூன்றாவது கட்டத்தையும் நிரப்பினார்.

கிளமென்டே மீதிப் பருவத்தில் 0.346 அடித்தார். 0.400 என்பது மிகைதான். ஆனால் வாய்பாடு சொன்ன 0.294-உம் அவருக்கு நியாயம் செய்யவில்லை. மன்சன் மீதிப் பருவத்தில் 0.316! பருவ முடிவில் 0.302 சராசரியோடு அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. ஆல்விஸ் 0.200. அவருடைய ஆட்ட வாழ்க்கை அந்த ஆண்டோடு முடிந்தது.

மன்சனுக்கும் ஆல்விஸுக்கும் இடையே ஏப்ரலில் இருந்த வேறுபாடு ஒரே ஓர் அடி. எட்டும் ஏழும். எனக்கும் என் நண்பனுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரே ஒரு மதிப்பெண். பதினொன்றும் பத்தும். கரும்பலகையைப் பார்த்தபடி, பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். "சார், ஏப்ரலிலேயே இவர்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லையா?"

"45 முறையை மட்டும் பார்த்தால் வழியில்லை. ஆளைப் பார்த்தால் கொஞ்சம் உண்டு. போய்ப் படித்துவிட்டு வா" என்றார்.

படித்தேன். மன்சனுக்கு அப்போது வயது 22, முழுப் பருவம் ஆடுவது அதுதான் முதல் தடவை. ஆல்விஸுக்கு வயது 32. கிளீவ்லாந்து அணியில் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்தவரை 1964-இல் தண்டுவடத்தைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் பிடித்தது. அதிலிருந்து மீண்டு வந்து 1965-லும் 1967-லும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். நாங்கள் பார்த்தது அந்தப் பயணத்தின் கடைசிப் படி. கிளமென்டேயோ 1970-க்கு முன்பே நான்கு முறை லீகின் முதல் பேட்டராக வந்தவர். அவருடைய 0.400-ஐ எல்லோருடைய சராசரிக்கும் இழுத்துச் சென்றது வாய்பாட்டின் அறியாமை. அவரை அவருடைய கடந்த காலத்தை நோக்கி அல்லவா இழுத்திருக்க வேண்டும்? (1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் தவித்தவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் கடலில் விழுந்து கிளமென்டே மறைந்தார். அவர் கணக்கில் அப்போது சரியாக 3000 ஹிட்டுகள் இருந்தன. அவரை எடைபோட அந்த எண்ணும் போதாது.)

அன்று பற்றிய பித்து என்னை விடவில்லை. பேஸ்பால் பருவத்தைப் பின்தொடரத் தொடங்கினேன். முப்பது அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டங்கள். வசந்தத்தில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை ஏறக்குறைய நாள்தோறும் ஆடுகிறார்கள். ஜூலை நடுவில் நட்சத்திர ஆட்டத்துக்காகச் சில நாள் இடைவேளை. அப்போது அமெரிக்காவில் எல்லோருக்கும் ஒரே வேலை, பாதி வழியில் தீர்ப்பு எழுதுவது. எந்த அணி தேறும், எது தேறாது, யார் ஏமாற்றம் தந்தார், யார் வியப்பளித்தார் என்று மதிப்பெண் போடுவார்கள். இது வெறும் அரட்டை அன்று. ஜூலை இறுதியோடு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது. இந்த ஆண்டு நமக்கில்லை என்று முடிவு செய்யும் அணி தன் நல்ல ஆட்டக்காரர்களை விட்டுக்கொடுத்து, அடுத்த ஆண்டுகளுக்காக இளைஞர்களை வாங்கிக்கொள்ளும். பாதித் தீர்ப்பு பலருடைய பிழைப்பைப் புரட்டிவிடும்.

அந்தத் தீர்ப்புகள் தவறிய கதைகள் சுவையானவை. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் 50 ஆட்டங்களில் வென்றது 19, தோற்றது 31. மீதி 112 ஆட்டங்களில் 74-ஐ வென்றது. அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸில் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஏழாவது ஆட்டத்தில் வீழ்த்திக் கோப்பையையும் தூக்கியது. 2021-இல் அட்லான்டா பிரேவ்ஸ் ஜூலை இடைவேளையின்போது 44 வெற்றி, 45 தோல்வி. அதற்குச் சற்று முன்புதான் அணியின் தலைசிறந்த இளைஞர் ரொனால்ட் அகுன்யா முழங்கால் தசைநார் அறுந்து பருவத்தையே இழந்திருந்தார். வேறெவரும் கடையைக் கட்டியிருப்பார்கள். அவர்களோ அந்த மாதத்திலேயே நான்கு புதிய ஆட்டக்காரர்களை வாங்கினார்கள். அந்த நால்வரில் ஒருவரான ஹோர்ஹே சோலேர் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கோப்பை அட்லான்டாவுக்கு.

2024-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் தன்னைத்தானே நம்பவில்லை. ஜூலை இறுதியில் நல்ல பிட்சரான ஜாக் ஃபிளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. ஆகஸ்ட் பத்தாம் தேதி 55 வெற்றி, 63 தோல்வி. அதன் பிறகு 44 ஆட்டங்களில் 31 வெற்றி! 2014-க்குப் பின் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது. தன் பாதித் தேர்வைத் தானே திருத்தி, ஃபெயில் போட்டு, பிறகு முழுத்தேர்வில் தேறிய மாணவனைப் போல.

எனில் பாதி வழியில் எதையுமே சொல்ல முடியாதா? முடியும், நிதானமாகச் சொன்னால். முதலாவது, எண்ணிக்கை. எல்லா வகையிலும் நடுத்தரமான ஓர் அணி 81 ஆட்டங்களில் நாற்பது, நாற்பத்தொன்று வெல்ல வேண்டும். நாணயம் சுண்டுவது போன்ற தற்செயல் மட்டுமே அதை 36-க்குத் தள்ளலாம், 45-க்கும் ஏற்றலாம். ஆகவே சில வெற்றிகளின் வேறுபாட்டை வைத்துக் கொண்டாடவும் கூடாது, துக்கம் காக்கவும் கூடாது.

இரண்டாவது, வெற்றி எப்படி வந்தது என்பது. பில் ஜேம்ஸ் என்பவர் ஓர் எளிய வழி சொன்னார். அணி எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டம், கொடுத்த ஓட்டம் ஆகிய இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகு. வருவது அந்த அணிக்குத் தகுதியான வெற்றி விகிதம். 2012-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்தது 712 ஓட்டம், கொடுத்தது 705. கணக்கின்படி 82 வெற்றி. வென்றதோ 93! ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் 29 வெற்றி, 9 தோல்வி என்று அதிர்ஷ்டம் அள்ளிக் கொடுத்திருந்தது. அடுத்த ஆண்டு அதே அணிக்கு 85 வெற்றிதான். முடிவுத்தாளில் அருகருகே நிற்கும் இரண்டு வெற்றிகள் ஒரே தரமானவை என்று சொல்ல முடியாது. மயிரிழையில் தப்பியதும் வெற்றிதான், மூச்சுத் திணற அடித்ததும் வெற்றிதான்.

மூன்றாவது, எந்தத் துண்டை வெட்டி எடுக்கிறோம் என்பது. 2017-இல் டாட்ஜர்ஸ் அணி 91 வெற்றி, 36 தோல்வி என்று நின்றது. அடுத்த 17 ஆட்டங்களில் பதினாறில் தோற்றது! அந்த 17-ஐ மட்டும் பார்த்தவன் அதை உலகின் மோசமான அணி என்று எழுதியிருப்பான். பருவ முடிவில் அதற்கு 104 வெற்றிகள்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமாக எனக்குப் படுவது, ஆளின் கதை. வயது என்ன, உடம்புக்கு என்ன, இதற்கு முன் என்ன செய்தான், இன்னும் எத்தனை ஆட்டம் மீதி? 2009-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்ட்டிஸ் ஜூன் தொடக்கம்வரை ஒரே ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். ஆள் முடிந்தார் என்றார்கள். பருவ முடிவில் அவர் கணக்கில் 28 ஹோம் ரன். அவர் கதையைத் தெரிந்தவர்கள் மட்டும் காத்திருந்தார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கீழே இருப்பவர் எல்லாம் மேலே வந்துவிடுவார்கள் என்று நான் ஏமாற்ற மாட்டேன். ஆல்விஸ் வரவில்லை. பாதியில் பின்தங்கிய அணிகளில் பெரும்பாலானவை இறுதியிலும் பின்தங்கியே முடிக்கின்றன. நேஷனல்ஸ் கதையை நாம் நினைவில் வைத்திருப்பது அது அரிது என்பதால்தான். பாதி மதிப்பெண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது தாழ்ந்த குரலில்தான் பேசுகிறது. நாம்தான் ஒலிபெருக்கி வைத்துக் கேட்கிறோம்.

என் சட்டைப்பைக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஐந்து தாள்களில் நான்கில் தேறினேன், ஒன்று அரியர். அதை அடுத்த பருவத்தில் எழுதி முடித்தேன். நான் மன்சனும் அல்ல, கிளமென்டேயும் அல்ல. பொதுச் சராசரியை நோக்கி மெல்ல நகர்ந்த ஒரு சாதாரணப் புள்ளி. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த நண்பனிடம் அந்தப் பட்டியலைக் காட்டினேன். அவன் வரிசையில் மூன்றாவது கட்டம் காலியாகவே போய்விட்டதே என்று எனக்குள் ஓர் உறுத்தல். அவன் இருந்திருந்தால் என்ன வாங்கியிருப்பான் என்பதை எந்த வாய்பாடும் இனிச் சொல்லாது. அவன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். கடைசிப் பெயரில் விரலை வைத்தான்.

"இந்த ஆளு அப்புறம் என்ன ஆனாரு?"

"அந்த வருஷத்தோட ஆட்டம் முடிஞ்சு போச்சுடா."

"ஆட்டம்தானே முடிஞ்சுது?" என்றான் சிரித்தபடி.

அவனுடைய சம்பளத்தில்தான் அவன் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அவனை எடைபோட்டு வகுப்பில் தலையசைத்தவன் நான்!

நண்பர்களே, அடுத்த இன்டர்னல் மதிப்பெண் வரும்போது பக்கத்து இருக்கையைப் பார்த்து உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். எங்களைத் திருத்தும் பேராசிரியர்களிடமும் பணிவோடு ஒரு விண்ணப்பம். மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுங்கள், அது உங்கள் கடமை. அதன் பக்கத்தில், இன்னும் எத்தனை ஆட்டம் மீதி இருக்கிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் பேராசிரியர் சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரையை இந்த மலரில் எழுத நான் இங்கே இருக்கிறேன்.